காமன் கூத்துக்கு அம்மாயியையும் சின்னதுகளையும் கூட்டிப் போகிறோம், விடியும்வரை எப்படிச் சமாளிப்பது?

கொழுந்துக்கூடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்த மாசிக்குக் காமன் கம்பம் ஊன்றுகிறார்கள். ஈஸ்வரன் மதனை (காமனை) எரித்த கதையை விடிய விடிய ஆடி, கடைசியில் கம்பத்தை எரிக்கிற கூத்து. எரிப்பு இரவுக்குக் கொழும்பிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. எங்களோடு சேர்த்து 9 பேர். அம்மாயிக்கு 78 வயது, முழங்கால் வலி, பிரஷருக்கு மாத்திரை போடுகிறார். சின்னதுகள் இரண்டு, ஒன்றுக்கு 6 வயது, மற்றதுக்கு 3. சித்திக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது, பம்ப் வைத்திருக்கிறார்.

கொழும்புக்காரர்களுக்குப் பழக்கமானது டிக்கெட் வாங்கி, கதிரையில் உட்கார்ந்து, மூன்று மணித்தியாலத்தில் எழும்பி வருகிற மியூசிக்கல் ஷோ. எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனைக்கு முடியும், எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்று சித்தப்பா போனில் துளைக்கிறார். என்ன பதில் சொல்வது? நடுவில் தப்பு (பறை) நின்று போய் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காமல் கிடக்குமே, அது ஏன் என்று பிள்ளைகள் கேட்டாலும் சொல்ல வேண்டும். குளிர், சத்தம், சாப்பாடு, வேன் எல்லாவற்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீடியோவும் எடுக்க வேண்டுமாம்.


கூத்துவாத்தி பதில்:

மகள், சித்தப்பாவை மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். காமன் கூத்துக்கு நேரம் கிடையாது, வரிசைதான் உண்டு. வரிசை மனதில் இருந்தால் யாரை எப்போது எழுப்பிக் கூட்டி வருவது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

அதற்கு முன் நாள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையை ஒட்டிக் கம்பம் ஊன்றுவதும், பௌர்ணமியை ஒட்டி எரிப்பதும் பொதுவான வழக்கம். ஆனால் நாள் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. லீவு பார்த்து முன்னே பின்னே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். போயா (பௌர்ணமி லீவு) நாள்தானே என்று கலண்டரைப் பார்த்து வேன் பேசிவிடாதீர்கள். கம்பம் ஊன்றிய அன்றைக்கே கோயில் தலைவரிடம் எரிப்பு எந்த இரவு, விடிந்தால் என்ன கிழமை என்று இரண்டையும் கேளுங்கள். "சனிக்கிழமை எரிப்பு" என்று ஒருவர் சொன்னால் அது சனி விடியலா, ஞாயிறு விடியலா என்பதில்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாந்து போவார்கள்.

இனி வரிசை. பொழுது பட்டதும் கம்பத்தடியில் பூசை. அந்த நேரமே ஒரு வீட்டுக்குள் வேஷம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். ரதி வேஷம் வழக்கமாக ஆண் கட்டுவது. அரிதாரம், முடி, சேலைக்கட்டு என்று அது நீளும், அதனால் 7 மணிக்கே பிள்ளைகளைத் திடலில் கொண்டுபோய் நிறுத்தினால் கொட்டாவிதான் மிச்சம். பிள்ளையார் துதி, கோமாளி, பிறகு மதன் ரதி வரவு. சோடியாக லயம் லயமாக (தோட்டத்து வரிசை வீடுகள்) போய் வாசலில் ஆடுவார்கள். திடலுக்குத் திரும்பிய பின் தூதன் ஓலை கொண்டு வருவான். ரதி கெட்ட கனவு கண்டு "போகாதே" என்று மறிப்பாள். இரண்டு பேருக்கும் தர்க்கம். மதன் கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை விட, ஈஸ்வரன் நெற்றிக்கண் திறக்க, கம்பம் எரியும். கடைசியில் ரதியின் ஒப்பாரி. எமனும் வீரபத்திரனும் எந்த இடத்தில் வருவார்கள் என்பது அந்தந்த வாத்தியார் கையில். பொதுவாக 8, 9 மணிக்குத் தொடங்கினால் எரிப்பு விடியற்காலை 4க்கும் 6க்கும் நடுவில் வரும்.

9 பேரும் முழு இரவும் உட்கார வேண்டும் என்று நினைக்காதீர்கள். அப்படி நினைக்கிற குடும்பம்தான் ஒரு மணிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், எரிப்பைத் தவற விடும். மூன்று கட்டத்தைப் பிடியுங்கள்: வாசல் ஆட்டம், தர்க்கம், எரிப்பு. நடுவில் தூங்குகிறவர்கள் தூங்கட்டும்.

வாசல் ஆட்டத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. முழங்கால் வலிக்காரருக்கும் 3 வயதுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. அம்மாயி இஸ்தோப்பில் (திண்ணையில்) கதிரையில் இருக்க, மதனும் ரதியும் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் வந்து ஆடுவார்கள். மேட்டு லயத்திலிருந்து இறங்குவார்களா, பணிய லயத்திலிருந்து ஏறுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் உங்கள் வாசலுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கணிக்கலாம். ஒரு லயத்துக்கு 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீர்க் குடம், வேப்பிலை, ஆரத்தித் தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், காணிக்கை எல்லாம் வாசலில் எடுத்து வையுங்கள். சில்லறை நோட்டாக இருக்கட்டும், 5000 நோட்டைக் காட்டி மிச்சம் கேட்கிற நேரமில்லை அது. வாசலில் நாய் இருந்தால் கட்டி வையுங்கள்.

தர்க்கத்துக்கு முன் பிள்ளைகளுக்கும் கொழும்புக்காரர்களுக்கும் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லி விடுங்கள். சூரனால் தேவர்கள் படும் பாடு, ஈஸ்வரனின் தவம் கலைந்தால்தான் முருகன் பிறப்பான், அந்த வேலை மதன் தலையில் விழுகிறது, ரதிக்கு அது தெரிகிறது. இவ்வளவு போதும். தர்க்கப் பாட்டில் ஒருவர் அடி எடுக்கப் பின்பாட்டுக்காரர்கள் அதையே திருப்புவார்கள். முதல் தடவை சொல் பிடிபடாவிட்டால் பதற வேண்டாம், திருப்பும்போது பிடிபடும். கதை தெரியாமல் உட்கார்ந்தால் அதே திருப்பல் சலிப்பாக இருக்கும்.

கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் எல்லைக்குள் செருப்போடு போகக் கூடாது. வேஷம் கட்டுகிறவர்கள் விரதத்தில் இருப்பார்கள், தொட்டுப் பேசுவது, தோளில் கை போட்டுப் படம் பிடிப்பது வேண்டாம். சித்தப்பா வேனில் ரோல்ஸ், இறைச்சிச் சாப்பாடு கொண்டுவந்தால் அதைத் திடல் பக்கம் எடுத்து வர வேண்டாம்.


சிண்டுக்குச்சி பதில்:

தப்பு ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அக்கா, அது ஓய்வு கிடையாது. தப்பைக் காய வைக்கிறார்கள்.

தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நெகிழும், நெகிழ்ந்தால் "டண்" என்று வர வேண்டியது "தொப்" என்று வரும். மாசி இரவில் மழை குறைவு என்றாலும் பனி இறங்கும், மூட்டம் வந்து மூடினால் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே சுருதி இறங்கிவிடும். அப்போது ஓரமாக மூட்டிய நெருப்புக்கு எல்லாரும் போவார்கள். காய்ந்த மானாப்புல், வைக்கோல், கடதாசி மாதிரிச் சட்டென்று பற்றுகிற சாமான்தான் தோலுக்குச் சரி. கவ்வாத்து மிலாறு (வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சி) தணலைத் தக்க வைக்க நல்லது, ஆனால் தணலுக்குக் கிட்டப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறித் தோல் வெடிக்கும். ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே, விரலால் தட்டிக் கேட்க வேண்டும். சட்டத்தின் ஓரமும் நடுவும் ஒரே மாதிரிப் பேசினால் காய்ந்துவிட்டது. அவசரப்பட்டு அதிகம் காய்ச்சினால் விளிம்பில் கிழியும், விடியற்காலையில் மாற்றுத் தப்புக்கு எங்கே போவது?

பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள். மேடை நிகழ்ச்சியில் கிடைக்காத ஒன்று இது. காய வைப்பதற்கு முன் ஒரு தட்டு, பின் ஒரு தட்டு, வித்தியாசம் 6 வயதுக்கும் புரியும். கையில் பாருங்கள்: ஒரு கையில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, அதுதான் சிண்டு. மற்றக் கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. தடித்தது அடித்துப் பேசும், மெல்லியது ஓரத்திலிருந்து பொரியும். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினால் ஒரே சத்தமாகத் தோன்றுவது இரண்டு ஆள் பேசுகிற மாதிரிக் கேட்கும். இப்போது பைபர் தோல் போட்ட தப்பும் வருகிறது. அதற்கு நெருப்பு வேண்டாம், ஒலியும் மட்டமில்லை, ஆனால் காய்ந்த தோலின் அந்தக் கீச்சு அதில் வராது. சிலருக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியலாம்.

எங்கே உட்காருவது என்று சித்தப்பா கேட்டாரே. தப்புக்குப் பின்பக்கம் மூடியிருக்காது, அதனால் தோலின் நேர் எதிரிலும் நேர் பின்னாலும்தான் சத்தம் அதிகம். சட்டத்தின் விளிம்புப் பக்கம் குறைவு. தப்புக்காரர்கள் சுற்றுவார்கள்தான், ஆனாலும் தர்க்க நேரத்தில் பெரும்பாலும் பாட்டுக்காரரைப் பார்த்தே நிற்பார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில் 10, 15 மீற்றர் தள்ளி உட்காருங்கள். மரத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கருக்கு நேர் கீழே வேண்டாம். அங்கே மைக் குரல் மட்டும் காதைக் கிழிக்கும், தப்பு அமுங்கிவிடும். தப்புக்கு ஒட்டி நின்றால் பாட்டின் சொல் ஒன்றும் விழாது. இரண்டும் சரிசமமாக விழுகிற இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நடந்து பார்த்துவிட்டுப் பாயைப் போடுங்கள்.

மேட்டு லயத்து வாசலிலிருந்து பார்த்தால் குச்சி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். 100 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி. பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு.


இரவுடியூட்டி பதில்:

வாத்தியார் ஐயா சொன்ன மூன்று கட்ட யோசனை நல்லது. நான் நர்ஸ், உடம்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

முதலில் காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணித்தியாலம் வரை பெரியவர்கள் தாங்கலாம் என்பது தொழிலிடங்களுக்கு வைத்த கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணித்தியாலம், 100 என்றால் 15 நிமிடம். பல தப்பு ஒன்றாக முழங்கும்போது பக்கத்தில் நின்றால் 100ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆகவே 3 மீற்றரிலிருந்து 12 மீற்றருக்குத் தள்ளினாலே 12 டெசிபல் இறங்கிவிடும். 3 வயதுக்குப் பஞ்சு வைக்காதீர்கள், பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, உள்ளே போய் மாட்டிக்கொண்டால் அது வேறு தொல்லை. தலைக்கு மேல் மாட்டுகிற காதுமூடி பிள்ளைகள் அளவில் கொழும்பில் கிடைக்கும், சித்தப்பாவை வரும்போது வாங்கி வரச் சொல்லுங்கள். முதல்நாளே வீட்டில் மாட்டிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்று கழற்றி எறியும். மறுநாள் காதில் இரைச்சல் நின்றபாடில்லை என்றால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

குளிர். உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில் மின்விசிறி போட்டுத் தூங்குகிறவர்களுக்கு டிக்கோயாவில் இறங்கும்போதே 8 பாகை போய்விடும், மேகமில்லாத இரவில் பள்ளத்தில் குளிர் தேங்கி இன்னும் இறங்கும். நுவரெலியாப் பக்கம் என்றால் பெப்ரவரி இரவில் 10க்குக் கீழே போவது சாதாரணம். ஒரு தடித்த ஜக்கட்டை விட மூன்று மெல்லிய உடுப்பு மேல். உள்ளே பருத்தி, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஒன்று. குல்லாவும் மப்ளரும் எல்லாருக்கும் வேண்டும். மண்ணில் பாய் மட்டும் போட்டால் குளிர் கீழிருந்து ஏறும். முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே உரச்சாக்கு இரண்டு மடிப்பு, அதன் மேல் கம்பளி. அம்மாயிக்குக் கதிரையிலும் கீழே ஒரு சாக்கு, கால் தரையில் படக் கூடாது.

இது கட்டாயம்: தூங்குகிறவர்களுக்குச் சூடு வேண்டும் என்று காம்பிராவுக்குள் (அறைக்குள்) கரியடுப்பையோ தணல் சட்டியையோ வைத்துக் கதவை மூடாதீர்கள். புகையே இல்லாவிட்டாலும் கார்பன் மொனொக்சைட் சேரும், அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். மலைநாட்டில் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள், அது போதும்.

அம்மாயியின் பிரஷர் மாத்திரையை வழக்கமான நேரத்திலேயே கொடுங்கள், விழித்திருப்பதால் தள்ளிப் போடக் கூடாது. குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், பிளேன்டி (பாலில்லாத தேநீர்) குடிக்கக் குடிக்க இன்னும் வரும். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அதுதான் ஆபத்து. திடலுக்குப் பக்கத்தில் கக்கூஸ் உள்ள ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். படி எத்தனை, கைபிடி இருக்கிறதா, லைட் எரிகிறதா என்று பகலில் ஒரு தடவை பாருங்கள். விழுந்து இடுப்பெலும்பு உடைவது இந்த இரவில் கம்பத்தடியில் நடக்காது, கக்கூஸ் படியில்தான் நடக்கும்.

இன்னொன்று, 3 வயதுக்கு வீரபத்திரனையும் எமனையும் காட்டாதீர்கள். அருள் வந்து ஆடும்போது பிடிக்க ஆட்கள் ஓடுவார்கள், கூட்டம் பின்னால் சாயும். 6 வயது ஒரு பெரியவர் தோளில் இருந்து பார்க்கலாம்.


கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அம்மாயியிடம் வாசல் ஆட்டத்தோடு போய்ப் படுங்கள் என்று சொன்னேன், கேட்கவே மாட்டேன் என்கிறார். தர்க்கப் பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். எரிப்பின்போது எங்கே நிற்பது என்றும் யாராவது சொல்லுங்கள், சித்திக்குப் புகை ஆகாது.


கூத்துவாத்தி பதில்:

மனப்பாடம் உள்ளவரைப் படுக்கச் சொன்னது தவறு மகள், நான் கதை தெரியாதவர்களை நினைத்து எழுதினேன். அவரைத் தர்க்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்பாட்டுக்காரர்களுக்கு அருகில் உட்கார வையுங்கள், அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். பதிலாக வாசல் ஆட்டம் முடிந்ததும் இரண்டு மணித்தியாலமாவது தூங்க வையுங்கள். 6 வயதையும் அவரோடு சேர்த்துப் படுக்கப் போடலாம்.

எரிப்புக்கு இடம்: மலையில் இரவு முற்றினால் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். கம்பத்துப் புகை விடியற்காலையில் பள்ளத்துப் பக்கம்தான் போகும். ஆகவே மேட்டுப் பக்கம் நில்லுங்கள், குறைந்தது 15 மீற்றர். எரிப்புக்கு அரை மணித்தியாலம் முன்னே தப்புக்காரர்கள் காய வைக்கிற நெருப்பின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், அதுவே கணக்கு. சித்தி பம்பைச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும், வேனில் வைக்க வேண்டாம்.

கம்பத்தில் ஆமணக்கும் வைக்கோல் பிரியும் இருப்பதால் பற்றினால் சட்டென்று மேலே போகும், பொறி பறக்கும். நைலோன் ஜக்கட், பொலியெஸ்டர் சால்வை போட்டவர்கள் பின்னால் நிற்க வேண்டும், ஒரு பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளியும் பருத்தியும் அப்படி உருகி ஒட்டாது. ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருப்பது நல்லது. கமிட்டிக்காரர்கள் வைத்திருக்காவிட்டால் நீங்கள் கொண்டு போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மரத்தைப் பகலில் அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூடு என்று நாம் சொல்வது பல நேரம் பெருந்தேனீக் கூடு. புகையும் வெளிச்சமும் கலைத்தால் இரவிலும் இறங்கும். திடலை ஒட்டிய மரத்தில் கூடு இருந்தால் அதற்குக் கீழே நெருப்பு மூட்ட விடாதீர்கள், போகஸ் லைட்டை அந்தப் பக்கம் திருப்பவும் விடாதீர்கள்.

எரிந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் செய்கிற பிழை அது. தீ அடங்கிய பிறகுதான் ரதி பூவையும் பொட்டையும் அழித்து ஒப்பாரி வைப்பாள். தப்பு அடக்கி வாசிக்கும், குரல் தனியாக நிற்கும். இரவு முழுக்க மைக்கில் கேட்ட குரலை மைக் இல்லாமல் கேட்கிற இடம் அநேகமாக அது ஒன்றுதான்.


ஹட்டன்வேன் பதில்:

தங்கச்சி, வேன் விஷயம் நான் சொல்றேன். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியா ஹட்டனுக்கு 130 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடக் குறைய. 3 மணித்தியாலத்தில வந்துரலாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. 5 வச்சுக்கோங்க, போயாவோட சேர்ந்த லீவுன்னா இன்னும் கூடும். கினிகத்தேனைக்கு மேல பின்னேரம் மூட்டம் இறங்கிரும், அதனால வெளிச்சம் இருக்கும்போதே ஹட்டன் தாண்டணும். காலை 9க்குக் கொழும்புல எடுத்தாச் சரி.

வளைவுல பிள்ளைங்க வாந்தி எடுக்கிறதுக்குப் பாதிக் காரணம் போன் பாக்கிறது. முன் சீட்ல வெளிய பாத்துக்கிட்டு வரட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை குடுக்கிறதா இருந்தா 3 வயசுக்கு டொக்டர்கிட்டக் கேட்டுக் குடுங்க.

தோட்டத்து ரோட்டுல பெரிய கேடிஎச் வேன் திரும்பாது, சில இடத்துல அடி தட்டும். மெயின் ரோட்டுல இருந்து லயம் வரைக்கும் எந்த வண்டி வரும்னு அங்க ஓடுற ஆட்டோக்காரர்கிட்டக் கேளுங்க. அம்மாயிக்கு ஒரு ஆட்டோவ எரிப்பு முடியுற வரைக்கும் பேசி வச்சுருங்க, விடியக்காலை 5 மணிக்குப் போன் எடுத்தா ஒருத்தரும் எழும்ப மாட்டாங்க. இருட்டுல தேயிலைக்குள்ள குறுக்கு வழியில ஒத்தையா நடக்க வேணாம், ஹட்டன் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்கு. நாலு பேரா, டோர்ச் வச்சுக்கிட்டு, பெரிய பாதையில போங்க.

முக்கியமானது டிரைவர். விடிய விடியக் கூத்துப் பாத்துட்டு 7 மணிக்கு ஸ்டியரிங்கப் புடிச்சா கித்துல்கல வளைவுல கண் சொருகும். ராத்திரி 10க்கு அவருக்கு ஒரு வீட்ல பாயப் போட்டுக் குடுத்துருங்க. வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்தி எஞ்சின ஓடவிட்டுத் தூங்க விடாதீங்க, மேல நர்ஸ் அக்கா சொன்ன அதே விஷம்தான். கூத்தும் பாக்கணும், வண்டியும் ஓட்டணும்னா மறுநாள் காலையிலயே கிளம்பக் கூடாது, தூங்கி எழும்பி மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பணும்.

ரயில்ல வர்றதா இருந்தா முதல் நாளே லைன் ஓடுதான்னு ஸ்டேசன்ல கேட்டுக்கோங்க. நம்ம லைன்ல மண் சரிஞ்சா அவ்வளவுதான்.


பிலிம்ரோல் பதில்:

வீடியோ பற்றிச் சுருக்கமாக. போனில் எடுத்தால் தப்புச் சத்தம் மைக்கை நிரப்பி, கேட்கும்போது கரகரவென்று உடையும். எடுத்த பின் அதை முழுமையாகச் சரிசெய்வது கஷ்டம். மூன்று மீற்றரில் நின்று எடுக்காமல் பத்து மீற்றர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். மைக் ஓட்டையை விரலால் பொத்துவது வேலைக்கு ஆகாது, சத்தம் மந்தமாகும், உடைவது நிற்காது. ஒலியை மட்டும் தனியாக இன்னொரு போனில் பதிகிற செயலி வைத்து, அளவைக் கையால் இறக்கி, உச்ச அடி -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் நல்லது. தொடக்கத்தில் ஒரு கைதட்டு இரண்டிலும் விழட்டும், பிறகு பொருத்த லேசு.

இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டுக்குக் கீழே படத்தில் கோடு ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். எரிப்பின்போது போன் இருட்டைப் பார்த்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், தீ வெள்ளைக் குமிழாகிவிடும். தீயின் மேல் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். முகங்கள் தீ வெளிச்சத்தில் தானே தெரியும். குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பாங்கை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். தர்க்கம் முழுவதையும் எடுக்க நினைத்தால் 30 ஜிபி இடமாவது காலியாக இருக்க வேண்டும்.


சிண்டுக்குச்சி பதில்:

மேலே சொன்னதோடு ஒன்று. நெருப்பில் காய வைக்கும்போது எங்கள் முகத்துக்கு நேரே லைட் அடித்துப் படம் எடுக்க வேண்டாம், தோல் எங்கே சூடேறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆட்டம் நடக்கும்போது "இன்னொரு தடவை அடிங்க, வீடியோ விழவில்லை" என்றும் கேட்காதீர்கள்.


கொழுந்துக்கூடை:

சரி அண்ணே. கடைசியாக ஒன்று. காணிக்கையைத் தட்டில் போட்டால் தப்புக்காரர்களுக்கும் போய்ச் சேருமா, தனியாகக் கொடுக்க வேண்டுமா? விடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?


கூத்துவாத்தி பதில்:

தட்டில் விழுவது கமிட்டிக் கணக்கு. பூசைச் செலவு, உடுப்பு, லைட், ஸ்பீக்கர் போகத்தான் பிரிப்பார்கள். தப்புக்காரர்களுக்குத் தனியாகக் கொடுங்கள், மூத்தவர் கையில் கொடுத்து "எல்லாருக்கும்" என்று சொல்லுங்கள். இரவில் பாடுகிறவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டி, வெல்லத் துண்டு போதும், பால் டீ வேண்டாம், தொண்டை கட்டும் என்பார்கள். விடிந்ததும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுக்கலாம், ஆளுக்கு மூன்று என்று 15 பேருக்குக் கணக்கு வைத்தால் 4 கிலோ மாவு பிடிக்கும். கருவாடு சேர்க்காதீர்கள், எரிந்த காமனை மீண்டும் எழுப்புகிற சடங்கு முடியும்வரை விரதத்தை விடாதவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள்.